ஹோயா ஏன் பூக்கவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பால்கனியில் வளர்க்கத்தக்க கொடிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது ஹோயாவுக்கு இரண்டே வரிகள்தான் ஒதுக்கியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வரிகளைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கொடிக்கே கொடுத்துவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

மூன்று ஆண்டுகளாக ஒரு ஹோயா வளர்க்கிறேன். வரவேற்பறையில் டிவி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலைகள் பளபளவென்று இருக்கின்றன. பூ மட்டும் வரவேயில்லை. இடையிடையே இலையே இல்லாத நீண்ட குச்சிகளை நீட்டுகிறது. பார்க்க நன்றாக இல்லையென்று அத்தை அவற்றை நறுக்கிவிடுகிறார். பெரிய தொட்டிக்கு மாற்றினால் பூக்குமா? (வாசகி, மடிப்பாக்கம்)

பெரிய தொட்டிக்கு மாற்றினால் பூப்பது இன்னும் தள்ளிப்போகும். ஆகவே தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, முதலில் இடத்தை மாற்றுங்கள். ஹோயாவை வீட்டுக்குள் வளரும் செடி என்று சொல்லி விற்பதால், அதற்கு வெளிச்சம் அதிகம் தேவையில்லை என்ற எண்ணம் பரவியிருக்கிறது. குறைந்த வெளிச்சத்தில் அது சாகாது என்பது உண்மைதான். ஆனால் பூக்கவும் பூக்காது. காலை 11 மணிக்குச் செடிக்குப் பக்கத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அந்த இடம் போதும். மங்கலாக ஒரு திட்டுப்போலத் தெரிந்தால் அது இலைக்கு மட்டுமே போதுமான வெளிச்சம். கிழக்கு பார்த்த பால்கனியில் இரண்டு மணி நேரம் காலை வெயில் படும் இடம் ஹோயாவுக்கு மிகவும் உகந்தது. மேற்கு பார்த்த பால்கனிதான் இருக்கிறதென்றால், ஏப்ரல், மே மாதங்களில் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை வலையைக் கட்டாமல் வைக்காதீர்கள். அறைக்குள் மூன்று ஆண்டுகள் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குக் கொண்டுபோனால் இலை வெந்து பழுப்புத் திட்டுகள் விழும் என்பதால், இரண்டு வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வெளிச்சம் கூடும்போது இலையில் இலேசான செம்மை படர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி அந்தக் குச்சிகளைப் பற்றிச் சொல்கிறேன். ஹோயா முதலில் வெறும் தண்டை நீட்டி, பற்றிக்கொள்ள ஏதேனும் கிடைக்கிறதா என்று துழாவும். பிடிமானம் கிடைத்த பிறகே அந்தத் தண்டின் கணுக்களில் இலைகள் விரியும். பூங்காம்பும் பெரும்பாலும் அத்தகைய நீண்ட தண்டுகளின் கணுக்களில்தான் உருவாகிறது. ஆகையால் அத்தை நறுக்கியெறிந்த குச்சிகளில் அடுத்த ஆண்டின் பூக்கள் சில போயிருக்கக்கூடும். இனி அவற்றை வெட்டாமல், ஒரு கம்பி வளையத்திலோ பால்கனிக் கிராதியிலோ தளர்வாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள்.

பூத்த பிறகும் கத்தரிக்கோல் வேண்டாம். ரோஜாவிலும் செம்பருத்தியிலும் பூத்து முடிந்த காம்பைக் கிள்ளிப் பழகிய கை, ஹோயாவிலும் அதையே செய்யத் துடிக்கும். ஹோயாவில் பூக்கள் உதிர்ந்த பின் எஞ்சியிருக்கும் சிறு மொட்டைக் காம்பிலிருந்தே அடுத்த முறையும் அரும்புகள் வரும். உற்றுப் பார்த்தால், முன்பு பூத்து உதிர்ந்த தழும்புகள் அந்தக் காம்பில் வளையம் வளையமாக அடுக்கியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு முறை பூக்கும்போதும் காம்பு சற்றே நீளும். நர்சரியில் செடி வாங்கப் போகும்போது இத்தகைய காம்பு இருக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குவது என் வழக்கம். அது இருந்தால் அந்தக் கொடி பூக்கும் வயதை எட்டிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்துவிடும்.

தொட்டியைப் பொறுத்தவரை, 5 அல்லது 6 அங்குலத் தொட்டியில் ஹோயா பல ஆண்டுகள் இருக்கலாம். வேர்கள் தொட்டியை நிறைத்து நெருங்கியிருக்கும் நிலையில்தான் அது நன்றாகப் பூக்கிறது. அரும்பு கட்டிய செடியை இடம் மாற்றினால் அரும்புகள் உதிர்ந்துவிடக்கூடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். இருந்தும் இலைகள் சுருங்கித் தொய்ந்து கிடக்கின்றன. தண்ணீர் போதவில்லையா? செம்மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டிருக்கிறேன். (வாசகர், திருச்சி ஸ்ரீரங்கம்)

தண்ணீர் போதாமையால் அல்ல, மிகுந்து போனதால்தான் இப்படி ஆகியிருக்கும் என்று கருதுகிறேன். சுருங்கிய இலை இரண்டு நேர்மாறான நிலைகளைக் காட்டும் அடையாளம். தொட்டி காய்ந்து இலகுவாக இருந்து இலை சுருங்கினால் அது தாகம். ஒருமுறை நன்றாக நனைத்தால் ஓரிரு நாளில் நிமிர்ந்துவிடும். தொட்டி ஈரமாகக் கனத்திருக்கும்போதே இலை சுருங்கினால் வேர் அழுகிவிட்டது என்று பொருள். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தண்ணீருக்கு நடுவில் நின்றுகொண்டே செடி தாகத்தால் வாடும். அதைப் பார்த்து நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுகிறோம்.

நானும் இதே தவற்றைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாக வாங்கிய ஹோயாவை, மல்லிகைக்குக் கலந்த அதே மண்ணில் நட்டு, மல்லிகைக்கு ஊற்றும்போதெல்லாம் அதற்கும் ஒரு செம்பு ஊற்றினேன். ஐப்பசி மழையில் ஒரு வாரம் தொட்டி நனைந்தபடியே கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது, தண்டின் அடிப்பகுதி வேகவைத்த சேனைத்தண்டைப் போலக் குழைந்து கையோடு வந்தது.

ஹோயா இனங்களில் பெரும்பாலானவை காட்டில் மண்ணில் வளர்வதில்லை. மரப்பட்டையிலும் பாறை இடுக்கிலும் தொற்றிக்கொண்டு, மழை பெய்யும்போது நனைந்து சில மணி நேரத்தில் காய்ந்துவிடும் இடங்களில் வாழ்பவை அவை. அந்த வேர்களுக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. தடித்த இலைகளில் நீரைச் சேமித்துவைத்திருப்பதோடு, நாம் பெரிதும் வளர்க்கும் ஹோயா கார்னோசா போன்றவை கள்ளியைப் போல இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் துளைகளை மூடிக்கொள்வதால், அவை இழக்கும் நீரும் குறைவு. இப்படிப்பட்ட செடிக்குத் தினமும் நீர் ஊற்ற வேண்டிய தேவை எங்கிருந்து வரும்?

இப்போது செய்ய வேண்டியது இது. செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். விரலால் இழுத்தால் தோல் உரிந்து நூல்போல மிஞ்சும் வேர்கள் செத்தவை, அவற்றை வெட்டிவிடுங்கள். வெண்மையாகவும் உறுதியாகவும் இருப்பவை நல்ல வேர்கள். எல்லாமே அழுகியிருந்தால் மேலே இருக்கும் நல்ல தண்டைத் துண்டுகளாக்கிப் புதிதாக வேர்விடச் செய்வதுதான் வழி. அதன் முறையைக் கடைசிக் கேள்வியில் சொல்லியிருக்கிறேன். புதிய கலவைக்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள் இரண்டு பங்கு, தென்னை நார்த்தூள் ஒரு பங்கு, உடைத்த அடுப்புக்கரி ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் காற்றோட்டம் தரும் பெர்லைட் என்னும் இலேசான வெள்ளைத் துகள் கிடைத்தால் ஒரு பிடி சேர்க்கலாம். கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம். செம்மண் கூடாது. நார்த்தூளையும் மட்டைத் துண்டுகளையும் வாங்கியபடியே போடாமல், ஒரு வாளி நீரில் ஊறவைத்து, பழுப்பு நீரை இரண்டு மூன்று முறை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கழுவாத நாரில் உப்பு மிகுந்திருக்கும். அது வேர் நுனிகளைக் கருக்கிவிடும். அதே காரணத்தால் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரை ஹோயாவுக்கு ஊற்றாதீர்கள். மழைநீர் கிடைக்கும் நாட்களில் பிடித்துவைத்து ஊற்றுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நாள்கணக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் ஸ்ரீரங்கத்து மே மாதமும் கார்த்திகை மாதமும் ஒன்றல்ல. தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனம் குறைந்திருக்க வேண்டும். பிறகு ஓர் இலையை மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் இன்னும் பொறுத்திருக்கலாம். சற்றே வளைந்துகொடுத்தால் அன்று ஊற்றலாம். ஊற்றும்போது அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, கீழ்த்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.

காதலர் தினத்துக்குப் பரிசாக வந்த இதய வடிவ ஒற்றை இலைச் செடி இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. புது இலை எப்போது வரும்? (வாசகி, கோயம்புத்தூர்)

பெரும்பாலும் வராது. அது ஹோயா கெர்ரீ என்னும் இனத்தின் இலை. தாய்லாந்தில் பணியாற்றிக்கொண்டே செடிகளைச் சேகரித்த கெர் என்ற அயர்லாந்து மருத்துவரின் பெயரைத் தாங்கியது. முழுச் செடி பெரிய கொடியாக ஏறும். ஆனால் பரிசுத் தொட்டிகளில் விற்பது, கொடியிலிருந்து கிள்ளிய இலையை அதன் காம்போடு செருகியதுதான். இலை வேர்விடும், பச்சையாகவும் பல ஆண்டுகள் இருக்கும். புதுத் தளிர் விடுவதற்குத் தண்டின் கணுவில் இருக்கும் மொட்டு வேண்டும். வெறும் இலைக்காம்பில் அது இல்லை. இலையோடு தண்டின் சிறு துண்டும் சேர்ந்து வந்திருந்தால் மட்டுமே நம்பிக்கை உண்டு. மேல்மண்ணை விலக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். பரிசு தந்தவரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பூங்கொத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் கூட்டம் கூட்டமாகச் சிறு பூச்சிகள். இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு வேறு. மருந்து சொல்லுங்கள். (வாசகர், சேலம்)

இரண்டும் வெவ்வேறு பூச்சிகள். மஞ்சள் உடலும் கரிய கால்களும் கொண்டவை அசுவினிகள். இதே மஞ்சள் அசுவினியை எருக்கஞ்செடியின் நுனியிலும் அரளியின் இளந்தண்டிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஹோயா அவற்றின் நெருங்கிய உறவு என்பதால் அதே பூச்சி தேடி வருகிறது. உறவு வெறும் பெயரளவில் இல்லை. விநாயகர் சதுர்த்திக்கு மாலை கட்ட வாங்கும் எருக்கம்பூ ஒன்றை எடுத்து ஹோயாப் பூவின் அருகில் வைத்துப் பாருங்கள்: ஐந்து மடல்கள், நடுவே மெழுகில் வார்த்தாற்போன்ற கிரீடம், கிள்ளினால் பால். மகரந்தம்கூட இரண்டிலும் தூளாக இல்லாமல், சிறு பைகளாகத் திரண்டிருக்கும். காயும் எருக்கங்காயைப் போலவே வெடித்து, பட்டுப் பஞ்சோடு விதைகளைப் பறக்கவிடும். உங்கள் வீட்டு மதிலோரம் எருக்கோ அரளியோ நின்றால், பூச்சி அங்கிருந்துதான் வந்திருக்கும். அங்கேயும் ஒரு கண் வைத்திருங்கள்.

அசுவினிக்கு மருந்தைவிடத் தண்ணீர் நல்லது. குழாய் நீரைச் சற்று அழுத்தமாகப் பீய்ச்சி மூன்று நாட்களுக்கு ஒருமுறை கழுவினால் இரண்டு வாரத்தில் குறைந்துவிடும். இந்த அசுவினிகள் ஆணின் துணையில்லாமலே பெருகுபவை என்பதால், ஒன்றிரண்டுதானே என்று விட்டுவைக்கக் கூடாது. வெள்ளைப் பஞ்சு, மாவுப்பூச்சி. அதற்குக் கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். மாவுப்பூச்சி வேரிலும் ஒளிந்திருக்கும். மேலே துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் தொட்டிக்குள் பாருங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள், இவ்விரு பூச்சிகளையும் அவை கழிக்கும் இனிப்பு நீருக்காகப் பாதுகாப்பவை எறும்புகளே.

பூக்களிலிருந்து பிசுபிசுப்பாகச் சொட்டுகிறது. நோயா? (வாசகி, புதுச்சேரி)

நோயில்லை, தேன். பூவின் நடுவில் துளியாகத் திரண்டு நிற்கும். தொட்டு நாவில் வைத்தால் இனிக்கும். மணம் மாலைக்கு மேல் கூடும். தரை பிசுபிசுக்கும் என்பதால் கீழே ஒரு பழைய துணியை விரித்துவையுங்கள். துளி பூவிலிருந்து வராமல் இலையின் மேற்புறம் முழுக்கப் பளபளத்தால் மட்டும், மேலே சொன்ன பூச்சிகளைத் தேடுங்கள்.

ஹோயா முழுக்க வெளிநாட்டுச் செடிதானா? நம் மலைகளில் இருப்பதாக ஒருவர் சொன்னார். (வாசகர், நாகர்கோவில்)

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பெயர் மட்டும் அயல்நாட்டுப் பெயர். 1810-இல் ராபர்ட் பிரவுன் என்னும் தாவரவியலாளர், லண்டனுக்கு அருகில் சயான் மாளிகையில் நார்தம்பர்லாந்து பிரபுவின் தோட்டத்தைக் கவனித்துவந்த தாமஸ் ஹோய் என்பவரின் நினைவாக இந்தப் பெயரை வைத்தார். ஒரு தோட்டக்காரரின் பெயர் ஒரு பேரினத்துக்கே அமைந்தது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் கார்னோசா தென்சீனா, தைவான், ஜப்பான் பகுதிகளைச் சேர்ந்தது. பூபிகேலிக்ஸ் பிலிப்பைன்ஸ் நாட்டினது.

ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹோயாக்கள் உண்டு. அவற்றுள் ஒன்றான ஹோயா வைட்டியை, சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திச் சோதனைகளுக்குப் பொறுப்பேற்று, தென்னிந்தியத் தாவரங்களைப் படங்களோடு பதிவுசெய்த ராபர்ட் வைட்டின் பெயரால் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலாளர் குறித்தார். அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் நம்மூர் ஓவியர்கள். வைட்டே பெயரிட்ட ஹோயா பாசிஃப்ளோரா நம் மலைகளிலும் இலங்கையிலும் வளர்கிறது. கொத்தாகப் பூக்காமல் ஒன்றிரண்டாகப் பூப்பதால் அந்தப் பெயர். உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி இன்னொன்றும் உண்டு: ஹோயா கன்னியாகுமரியானா என்று உங்கள் மாவட்டத்தின் பெயரையே கொண்ட இனமும் 1978-இல் விவரிக்கப்பட்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு மலைக்குச் சென்று கொடியைப் பிய்த்துவர யாரும் கிளம்ப வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து செடியை எடுப்பது குற்றம். மரத்தில் தொற்றி வாழப் பழகிய கொடி நம் தொட்டியில் பிழைப்பதும் அரிது.

சென்னை வெயிலுக்கு எந்த வகையை வாங்குவது? லீனியாரிஸ் என்று ஒன்று இணையத்தில் அழகாக இருக்கிறதே? (வாசகி, பெரம்பூர்)

லீனியாரிஸ் இமயமலைச் சாரலின் குளிரில் தொங்கி வளர்வது. சென்னையில் அதை வாங்கினால் முதல் சித்திரையைத் தாண்டுவது கடினம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவினர் இருந்தால் அவருக்கு வாங்கிக்கொடுங்கள். சமவெளிக்குப் பூபிகேலிக்ஸ், கெர்ரீயின் முழுக்கொடி, கார்னோசா ஆகியவை போதும். கார்னோசாவில் இலை விளிம்பு வெள்ளையாக இருப்பதைக் கிரிம்சன் குயின் என்றும், நடுப்பகுதி வெள்ளையாக இருப்பதைக் கிரிம்சன் பிரின்சஸ் என்றும் விற்கிறார்கள். இவற்றில் சில தளிர்கள் முழு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும். அழகென்று அந்தத் தண்டை மட்டும் வெட்டித் தனியாக நடாதீர்கள், பச்சையம் இல்லாததால் பிழைக்காது. மாறாக, முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால் அதை நறுக்கிவிடுங்கள். விட்டால் வேகமாக வளர்ந்து மற்றவற்றை மூடிவிடும். இலைகள் சுருண்டு கயிறுபோலத் தொங்கும் காம்பாக்டா வகையை நான் பரிந்துரைப்பதில்லை. அந்தச் சுருள்களுக்குள் மாவுப்பூச்சி புகுந்தால் ஸ்பிரிட் பஞ்சும் எட்டாது.

கிள்ளினால் பால் வருகிறது. வீட்டில் பூனையும் இரண்டு வயதுக் குழந்தையும் இருக்கிறார்கள். அரளி உறவு என்றும் படித்தேன். வைத்திருக்கலாமா? துண்டு வெட்டி நடும்போது பாலை என்ன செய்வது? (வாசகி, மதுரை)

உறவு உண்மை, ஆனால் அரளியின் கடும் நஞ்சு ஹோயாவில் இல்லை. பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லாத செடிகளின் வரிசையிலேயே ஹோயாவை வைத்திருக்கிறார்கள். ஆயினும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பைத் தரலாம், கண்ணில் பட்டால் எரியும் என்பதால், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். தொங்குவதே அந்தக் கொடிக்கும் பிடித்தமானது.

துண்டு எடுக்க, இரண்டு கணுக்கள் உள்ள முற்றிய தண்டைத் தேர்ந்தெடுத்து, கீழ்க்கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டி, அந்தக் கணுவின் இலைகளை மட்டும் நீக்குங்கள். வெட்டிய துண்டை ஒரு மணி நேரம் நிழலில் கிடத்தினால் பால் நின்று உலர்ந்துவிடும். பிறகு, கழுவிய நார்த்தூளில் கீழ்க்கணு புதையும்படி நட்டு, ஒரு கண்ணாடி டம்ளரால் மூடி, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். பிடித்ததா என்று தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள். புதுத் தளிர் தலைகாட்டியதும் டம்ளரை எடுத்துவிடலாம்.